ஆற்றங்கரைப் பூங்காவும் ஒரு பேருந்தும்

பதிவு சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

காலை நடைக்கு வரும் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் அடிக்கடி அடிபடும் பேச்சு இது: "வேகவதிக் கரையைச் சுத்தம் செய்து பூங்கா போட்டு, பக்கத்திலேயே பேருந்து நிறுத்தமும் வைத்தால் ஊர் எப்படி இருக்கும்!" எனக்கும் அந்த ஆசை உண்டு. 2019-இல் அத்திவரதரைச் சேவிக்க 48 நாள்கள் வந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். கோயிலுக்கும் பட்டுக்கும் வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கி, மர நிழலில் தண்ணீரைப் பார்த்தபடி நடந்து போக ஒரு வழி இருந்தால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் முப்பது வருடம் புவியியல் நடத்தியவன். இரண்டு ஊர்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று சென்னை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்கள் வெட்டியது. படகு போன நீர்வழி. அதிலேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். 1997-இல் மயிலாப்பூர் வரை வந்தது. ரயில் கிடைத்தது, கால்வாய் குறுகிப்போனது. அங்கே இறங்குகிறவர்கள் நீரைப் பார்க்க நிற்பதில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள்.

இன்னொன்று அகமதாபாத். சபர்மதியின் இரு கரையிலும் சுமார் 11 கிலோமீட்டர் நடைபாதை, 2012-இல் திறந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அங்கே நிற்கும் தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது. கரையில் குடியிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வேறு இடங்களுக்குப் போயின. பலருக்குப் பிழைப்பு நடந்த இடம் தூரமாகிவிட்டது.

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம். சாக்கடை கலப்பதை நிறுத்தாமல் பூங்கா போட்டால் கொசுதான் வாக்கிங் வரும். திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் வரை வெள்ளத்துக்கு இடம் விட வேண்டும். இதெல்லாம் பொறியாளர்களுக்குத் தெரியும். எனக்குக் கவலை வேறு.

என் பழைய மாணவர் ஒருவர் நெசவாளர். கரையோரம் வீடு, வீட்டுக்குள்ளேயே குழித்தறி. 2015 மழையில் தறிக்குழி கிணறு மாதிரி நிறைந்துவிட்டது. பிறகு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கிடைத்தது, மூன்றாவது மாடி. மூன்றாவது மாடியில் குழி வெட்ட முடியுமா? இப்போது ஊருக்குள் இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்கிறார். கோர்வைச் சேலைக்குத் துணை ஆள் வேண்டும் என்பதால் மனைவியும் கூட வர வேண்டும்.

"திரும்ப அங்கேயே குடியிருக்கணும்னு கேக்கல சார். பசங்க தூக்கத்துல தண்ணி வர்ற இடம் அது. பூங்கா கட்டட்டும். ஆனா காலையில தறிக்கு வரவும் ராத்திரி வீட்டுக்குப் போகவும் ஒரு பஸ் வேணும்" என்றார்.

எனக்குத் தெரிந்து இந்தத் திட்டத்துக்கு இதைவிடச் சுருக்கமான வரைபடம் கிடையாது. பூங்கா வாசலில் நிறுத்தம் வரும் என்றால், அங்கிருந்து கிளம்பும் முதல் தடம் கரையைக் காலி செய்து கொடுத்தவர்களின் குடியிருப்புக்குப் போகட்டும். சுற்றுலா வண்டி இரண்டாவதாக வரட்டும். பூங்காவின் மேடான ஓரத்தில் ஒரு பொதுத் தறிக்கூடமும் இருக்கட்டும். சேலை வாங்க வருபவர்களும் பார்ப்பார்கள், நெய்பவர் கைக்கும் நேராகக் காசு போகும்.

இது நம் ஊருக்குப் புதிய நியாயமும் இல்லை. வேகமாக வந்த வேகவதிக்குக் குறுக்கே பெருமாள் அணையாகப் படுத்தார் என்பது திருவெஃகா கோயில் கதை. அதே பெருமாள், கணிகண்ணனை மன்னன் ஊரைவிட்டு அனுப்பியபோது, திருமழிசையாழ்வார் சொன்னபடி பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை என்பார்கள். மன்னன் ஓடிப்போய் மன்றாடிய பிறகுதான் எல்லோரும் திரும்பினார்கள்.

கரையிலிருந்து இடம் மாறிப் போன என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், காலையில் முதல் பேருந்து எத்தனை மணிக்கு, இரவில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனுவாக எழுதித் தருகிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.