செனாயில் ஒரு வாளித் தோட்டம்

ஜொகூர் பாருவிலிருந்து கூலாய் நோக்கிப் புறப்பட்டால், சாலையில் நெரிசல் இல்லாத வேளையில் அரை மணி நேரத்தில் செனாய் வந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்குச் செனாய் என்றால் விமான நிலையம். 1974-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நிலையம் அது. நம்மவர்களுக்கோ செனாய் என்றதும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்கள்தாம் நினைவுக்கு வரும். முதலில் ரப்பர், பிறகு செம்பனை, இவற்றுக்கு ஊடே ஜொகூருக்கே பேர்போன அன்னாசி. கூலாய்க்கு அப்பாலுள்ள ஒரு பட்டணத்துக்குப் பெயரே கெலாப்பா சாவிட். செம்பனைக்கு மலாய் மொழியில் அதுதானே பெயர்!

இன்று பல தோட்டங்கள் தொழிற்சாலைகளாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. லயங்களில் பிறந்தவர்கள் மலிவு விலை வீடுகளில் குடியிருக்கிறார்கள். மின்சாரம் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு. வாசலில் பஸ் வருகிறது. எல்லாம் சரி, ஆனால் மண் எங்கே? முன்னால் ஒரு கார் நிற்குமளவு சிமெண்டுத் தரை. பின்னால் துணி காயப்போடும் இடம், அதையடுத்துச் சாக்கடை, பிறகு சந்து. அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஒரு பின் சந்தில் நடந்தபோதுதான் அந்தத் தோட்டம் கண்ணில் பட்டது. வாளிகளில் கத்தரியும் வெண்டையும் காய்த்துத் தொங்கின. உரச் சாக்கில் மரவள்ளி நின்றது. பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, அதன்மேல் பயற்றங்கொடியை ஏற்றியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயங்கள் இடிக்கப்பட்டபோது இங்கே வந்தவராம். ஆர்வத்தோடு விசாரித்தேன்.

"எல்லாம் சும்மா கெடச்சதுதான் தம்பி. விதைக்குக்கூட காசு குடுக்கல" என்றார்.

சாதாரணப் பேச்சுதான். ஆனால் அதற்குள் நம் சமூகத்தின் கதையே அடங்கியிருக்கிறது.

பிரிட்டிஷார் காலத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. குடும்பமுள்ள ஒவ்வோர் இந்தியத் தொழிலாளிக்கும் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பதே அது. ஏறத்தாழ 2,700 சதுர அடி! இன்றைய மலிவு விலை வீட்டை அதன் மனையோடு சேர்த்து அளந்தாலும் அதில் பாதி தேறுமா? எல்லாத் தோட்டங்களிலும் அந்த நிலம் ஒழுங்காகக் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் கீரைப்பாத்தியும் இல்லாத குடும்பம் அரிது. கூலி குறைவாக இருந்த காலத்தில் அந்தப் பாத்திதான் பாதிக் கறிச்செலவைத் தாங்கியது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது மரவள்ளிக்கிழங்குதான் உயிரைப் பிடித்து வைத்தது. வீட்டில் பாட்டிமார் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தம் பெற்றோர் பட்ட பாட்டைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

செனாய் விமான நிலையம் திறக்கப்பட்ட அதே 1974-ஆம் ஆண்டில்தான், பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். சும்மா கிடக்கும் நிலத்தில் உணவுப் பயிர் செய்யுங்கள் என்று நாட்டு மக்களைத் தூண்டிய திட்டம் அது. பின்னர் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த நாட்களில் கேமரன் மலையில் விற்க வழியில்லாமல் காய்கறிகளைக் கொட்டினார்கள். பட்டணத்திலோ கீரைக்கு ஆளாய்ப் பறந்தோம். வாசலில் நாலு வாளி வைத்திருந்தவர்கள் மட்டும் நிம்மதியாகக் குழம்பு வைத்தார்கள்.

ஆகவே, நிலம் போனாலும் கைத்திறனை விட்டுவிடக்கூடாது. செனாயில் பார்த்ததையும் கேட்டதையும், நான் அறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

வாளி: சாப்பாட்டுக் கடைகளில் எண்ணெய், ஊறுகாய் வந்த வாளிகள் முதல் தரம். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தண்ணீரில் கரையும் பெயிண்டு வந்த 18 லிட்டர் வாளி என்றால், ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்டி நன்றாகக் கழுவ வேண்டும். அடியில் விரல் நுழையுமளவு ஐந்தாறு துளைகள் போட்டு, செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த தோம்புகளை மட்டும், எத்தனை முறை கழுவினாலும், தொடவே வேண்டாம். நம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட் மருந்தை 2020-இல் இந்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் மற்ற மருந்துகளும் விஷம்தானே! பழைய டயர்களில் பூச்செடி வையுங்கள். உண்ணும் கீரை வேண்டாம்.

மண்: மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல். இதுதான் கணக்கு. நம் வட்டாரச் செம்மண் புளிப்புத்தன்மை உடையது. ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் கலந்தால் அது தணியும். அதிகம் போட்டால் கெடுதல்.

எரு: துளையிட்ட பெரிய வாளியில் காய்ந்த இலை மூன்று பங்கும், காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஒரு பங்கும் மாற்றி மாற்றிப் போடுங்கள். வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் நம் ஊர் வெப்பத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் மக்கிவிடும். ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பக்கத்தில் இன்னும் தோட்டம் இருப்பவர்கள் ஒரு சாக்கு அள்ளி வரலாம். மீனும் இறைச்சியும் போட்டால் எலி வரும். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

விதை: பாசாரில் வாங்கும் கங்கோங் கீரையில் இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, வேர்ப்பக்கத் தண்டை நட்டால் தழைத்துவிடும். பொன்னாங்கண்ணியும் அப்படியே. செராயை இரண்டு நாள் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். முற்றிய வெண்டை, கத்தரி, பாகல் ஒவ்வொன்றைச் செடியிலேயே விட்டால் அடுத்த போகத்துக்கு விதை. சிறுகீரை ஒரு மாதத்துக்குள் கறிக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். மரவள்ளிக்குப் பத்து மாதம்வரை பொறுமை வேண்டும். அந்தக் கிழங்கைப் பச்சையாகத் தின்னக்கூடாது. தோலுரித்து நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

மழை: நவம்பர் முதல் ஜனவரி வரை ஜொகூரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தை எளிதில் மறக்க முடியுமா? அந்த மாதங்களில் இளஞ்செடிகளைக் கூரைச் சார்புக்குள் நகர்த்துங்கள். வாளித் தோட்டத்தின் சௌகரியமே அதுதான்; பாத்தியை நகர்த்த முடியாது, வாளியை நகர்த்தலாம்.

தாய்மார்களே, இன்னொரு விஷயம் மிக முக்கியம். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். டிங்கிக் காய்ச்சல் வீட்டுக்குள் வர அது போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனையும் உண்டு. ஆகவே காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். வாரம் ஒரு நாள் சுற்றிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். செடி காய்ப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை, தட்டில் வைத்த கீரையை ஒதுக்காது.

வாளித் தோட்டம் போட்டுவிட்டால் வறுமை ஒழிந்துவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நியாயமான சம்பளத்துக்கும் நல்ல வீட்டுக்கும் நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். அதற்குக் கத்தரிக்காய் ஈடாகாது. ஆனால் செனாயில் அந்த அம்மா பறித்த காயில் ஒரு பங்கு பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்குக்குப் போகிறது. அங்கிருந்து மஞ்சள் இலையும் பாண்டானும் வருகின்றன. லயத்தில் வேலிக்கு மேல் கைமாறிய பழக்கம் தாமானிலும் செத்துப்போகவில்லை. நம் முன்னோர் காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கியவர்கள். அந்தக் கைத்திறன் நம்மோடு முடிந்துவிடக்கூடாது. இந்த வாரமே ஒரு வாளியும் ஒரு பிடி கீரை விதையும் தேடுங்கள். முளை விட்டதும் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.