இளிவரலின் நடிகர்: எலைஷா குக்

'குணச்சித்திர நடிகர்' என்று தமிழில் சொன்னதும் நம் மனத்தில் எழுவது பெரும்பாலும் ஒரு தந்தை, ஒரு பண்ணையார், கண்கலங்கும் ஓர் ஆசிரியர். கதாநாயகனுக்கு அடுத்த படியில் நிற்கும் கண்ணியமான வேடங்கள். அமெரிக்க ஸ்டூடியோக்களின் பொற்காலத்தில் இத்தொழிலுக்கு இன்னும் கீழே ஒரு படி இருந்தது. ஏழெட்டு நிமிடங்கள் வந்து, அடிபட்டு, பல சமயம் செத்தும் போய், பெயர்ப்பட்டியலின் கடைசி வரிகளில் ஒதுங்கிக்கொள்ளும் நடிகர்களின் படி அது. முகம் எல்லோருக்கும் தெரியும். பெயர் எவருக்கும் நினைவிராது. எலைஷா குக் ஜூனியர் அந்தப் படியில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நின்றார்.

1903 டிசம்பர் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். இளமையிலேயே நாடகத்துக்கு வந்துவிட்டார். துன்பியலுக்குப் பெயர்போன யூஜீன் ஓநீல் அபூர்வமாக எழுதிய இன்பியல் நாடகமான 'ஆ, வில்டர்னெஸ்!' 1933இல் பிராட்வேயில் மேடையேறியபோது, கவிதைப் பித்தேறிய மகனாக நடித்தவர் குக். முப்பதுகளின் நடுவில் ஹாலிவுட் அவரை இழுத்துக்கொண்டது. குள்ளமான, ஒடிசலான உடல். உடலுக்குப் பொருந்தாத பெரிய கண்கள். கோபப்படும்போது உடைந்து மேலேறும் குரல். நாயகனாக்க எதுவும் உதவாது. வில்லனாக்கவும் முழுதாக உதவாது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இளிவரல் என்றொரு மெய்ப்பாடு உண்டு. எட்டில் ஒன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு நிலைக்களன்கள் அதற்குச் சொல்லப்படுகின்றன. நகையையும் அழுகையையும் பெருமிதத்தையும் எடுத்துக்காட்டி விளக்குவது வகுப்பறையில் எளிது. இளிவரலில்தான் தயங்க நேரிடும். தாழ்வுபட்டு நிற்பவனைப் பார்க்க எவருக்கும் விருப்பமில்லை. மென்மை என்பதை எளியோனாயிருத்தல் என்று கொண்டால், அந்த ஒரே நிலைக்களனின்மீது தன் கலைவாழ்வு முழுவதையும் எழுப்பிக்கொண்டவர் என்று குக்கைத் துணிந்து சொல்லலாம். உள்ளத்தின் உணர்வு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு எனில், அவருடைய உடல் அதற்கென்றே வாய்த்தது.

1940இல் வெளிவந்த 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் த தேர்ட் ஃபுளோர்' படத்தில் அவர் ஒரு டாக்ஸி ஓட்டுநர். செய்யாத கொலைக்கு, ஒரு பத்திரிகை நிருபரின் சாட்சியத்தால் தண்டிக்கப்படுபவன். நீதிமன்றத்தில் அவன் எழுப்பும் கூக்குரலே அந்த நிருபரின் மனச்சாட்சியைப் படம் முழுக்கத் துரத்துகிறது. நுவார் வகையின் முதற்படம் என்று பலர் கருதும் படம் இது. அந்த வகையே குக்கின் அலறலோடு தொடங்கியது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

மறு ஆண்டு ஜான் ஹூஸ்டனின் முதல் படமான 'த மால்டீஸ் ஃபால்கன்'. ஹம்ஃப்ரி போகார்ட் துப்பறிவாளர் சாம் ஸ்பேடாக வர, சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டின் கையாளான வில்மராகக் குக். எல்லோரும் 'பையன்' என்று அழைக்கும் அந்தப் பாத்திரத்தை நடித்தபோது அவருக்கு வயது 37. பெரிய மேலங்கி, அதன் பைகளில் இரண்டு துப்பாக்கிகள். ஸ்பேட் அந்த மேலங்கியைத் தோளிலிருந்து கீழே இழுத்துக் கைகளை முடக்கி இரண்டையும் பறித்துக்கொள்கிறார். நாம் சிரிக்கிறோம். ஆனால் இறுதிப் பகுதியில் அதே வில்மரைப் போலீசுக்குப் பலிகொடுக்க முதலாளி சம்மதித்துவிடுகிறார். மகனைப்போல் கருதுவதாக அவனைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அதே முதலாளி. மயங்கிக் கிடந்தவன் சோபாவில் கண்விழித்து, தன்னைச் சூழ்ந்து நிற்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். பேச்சே இல்லை. தான் விலைபேசப்பட்டுவிட்டதை ஒருவன் உணரும் கணம் அவ்வளவு துல்லியமாக நடிக்கப்பட்டு நான் அதிகம் கண்டதில்லை. அதுவரை அவனைப் பார்த்துச் சிரித்ததற்காகச் சற்றே கூச்சம் வந்துவிடுகிறது.

'த பிக் ஸ்லீப்' (1946) பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் போகார்ட்டையும் லாரன் பகாலையும் பேசுவார்கள். அல்லது காரோட்டியைக் கொன்றவன் யார் என்பது நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லருக்கே தெரியவில்லை என்ற பழைய வேடிக்கைக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் படம் ஹாரி ஜோன்ஸின் படம். குக் ஏற்ற சிறிய வேடம் அது. ஆக்னஸ் என்ற பெண்ணிடம் அவனுக்குக் காதல். இருநூறு டாலருக்கு ஒரு தகவலை விற்று அவளோடு ஊரைவிட்டுப் போய்விட நினைக்கிறான். அவளோ எவரிடம் பணமிருக்கிறதோ அவரோடு ஒட்டிக்கொள்பவள். கனினோ என்ற கொலையாளி ஜோன்ஸைப் பிடித்து, அவள் எங்கே என்று கேட்கிறான். ஜோன்ஸ் நடுங்குகிறான், மறுக்கிறான், கடைசியில் ஒரு முகவரியைச் சொல்லிவிடுகிறான். பிறகு கனினோ நீட்டும் மதுவைக் குடித்து விழுந்து சாகிறான். நஞ்சு. பக்கத்து அறையிலிருந்து துப்பறிவாளர் மார்லோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், தலையிடவில்லை.

அவன் சொன்ன முகவரி பொய் என்பது அதன்பிறகே தெரியவருகிறது.

அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கும்போது குக்கின் நடிப்பு முற்றிலும் வேறொன்றாக மாறிவிடுகிறது. அச்சத்தால் காட்டிக்கொடுக்கும் கோழை என்று முதல்முறை நினைத்தோம். இப்போதும் அதே நடுக்கம், அதே குரலுடைவுதான். அந்த அச்சம் பொய்யில்லை. அதனூடாகவே அவன் பொய்யைச் சொல்லி முடித்திருக்கிறான். வீரனாக நடிக்கத் தெரிந்தவர்கள் ஹாலிவுட்டில் நிறைய இருந்தார்கள். அச்சம் குறையாமலேயே ஒருவன் பெருமிதம் அடைவதை, இளிவரலுக்குள்ளேயே பெருமிதம் இருப்பதை, குக்கைப்போல் காட்டியவர் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஜோன்ஸின் மரணத்தைத் தொலைபேசியில் கேட்ட ஆக்னஸ் பெரிதாக வருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கில விமர்சகர்கள் குக்கை 'தோற்பவர்களின் நடிகர்' என்ற வகையில் எழுதிக் கடந்துவிடுகிறார்கள். ஜோன்ஸ் தோற்றவன் என்றால், அந்தப் படத்தில் வென்றவர் யார் என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'ஷேன்' (1953) படத்தில் குக் டோரி என்ற குடியானவன். தெற்கத்தியன், வாய்வீச்சுக்காரன், ஊராரின் கேலிக்கு ஆளாகிறவன். கூலிக்கொலையாளியான ஜாக் பேலன்ஸ் பலகைத் திண்ணையில் நிதானமாக நடக்கிறார். கீழே தெருச்சேற்றில் வழுக்கி வழுக்கி டோரி அவருக்கு இணையாக நடக்கிறான். உயரமான உடலும் குள்ளமான உடலும், மேலே ஒன்று, கீழே ஒன்று. வசனத்துக்கு அங்கே வேலை குறைவு. டோரி துப்பாக்கியை உருவத் தொடங்கி நின்றுவிடுகிறான். பேலன்ஸ் ஒரு கணம் தாமதித்துச் சுடுகிறார். குக்கின் உடலில் கம்பியைக் கட்டிப் பின்னால் இழுத்தார்கள். வெடியோசையையும் வழக்கத்தை மீறிப் பெரிதாக்கினார்கள். அதற்குமுன் கௌபாய் படங்களில் சுடப்பட்டவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாகரிகமாகச் சாய்வார்கள். உலகப்போரில் ராணுவப் படப்பிடிப்புக் குழுவோடு சென்று டாஹாவ் வதைமுகாமைப் படமெடுத்துத் திரும்பியவர் ஸ்டீவன்ஸ். ஒரு குண்டு மனித உடலை என்ன செய்யும் என்று காட்ட விரும்பினார். அதற்கு அவர் தேர்ந்தது குக்கின் உடலை. அடக்கக் காட்சியில் டோரியின் நாய் சவப்பெட்டியைப் பிறாண்டுவதைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'த கில்லிங்' (1956) பலருக்கும் தெரிந்ததுதான். குதிரைப் பந்தய மைதானத்தின் காசாளராக, தன்னைவிட உயரமான, தன்னை இகழும் மனைவியிடம் கொள்ளைத் திட்டத்தை உளறிவிடும் ஜார்ஜ். மேரி விண்ட்ஸரின் ஏளனமும் குக்கின் மன்றாடும் கண்களும் சேர்ந்து நம்மை நெளியவைக்கும். இங்கே மென்மை வெகுளியாகத் திரிந்து, அவன் அவளைக் கொல்கிறான். ஜோன்ஸை விரும்பிய அளவு ஜார்ஜை என்னால் விரும்ப முடியவில்லை.

பிறகு தொலைக்காட்சி. ஸ்டூடியோ முறை சரிந்தபின் இத்தகைய நடிகர்களுக்குச் சோறுபோட்டது அதுவே. 'பெரி மேசன்', 'கன்ஸ்மோக்', 'பொனான்ஸா' என்று குக் போகாத தொடர் குறைவு. 1967இல் 'ஸ்டார் டிரெக்'கின் ஒரு பகுதியில் சாமுவேல் காக்லி என்ற வழக்கறிஞராக வந்தார். விண்வெளி யுகத்திலும் கணிப்பொறியை ஒதுக்கிவிட்டு, கட்சிக்காரரின் அறை நிறையச் சட்டப் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்துவிடும் மனிதர். எந்திரத்தின் பதிவைச் சாட்சியாகக் கொண்டு மனிதனைத் தண்டிக்கலாகாது என்று அவர் மன்றத்தில் முழங்குகிறார். ஒரு முறையாவது அவருக்கு முழங்க வாய்ப்புக் கிடைத்தது. எண்பதுகளில் 'மேக்னம்' தொடரில் ஐஸ் பிக் என்ற நிழலுலகக் கிழவராகவும் வந்துபோனார்.

திரையில் எத்தனையோ விதமாகச் செத்தவர் வாழ்க்கையில் எல்லோரையும் கடந்து வாழ்ந்தார். 'மால்டீஸ் ஃபால்கன்' கூட்டத்தில் கிரீன்ஸ்ட்ரீட் 1954இலும், போகார்ட் 1957இலும், பீட்டர் லோரே 1964இலும், மேரி ஆஸ்டரும் ஹூஸ்டனும் 1987இலும் மறைந்தனர். குக் 1995 மே 18 அன்று, 91 வயதில், கலிஃபோர்னியாவின் பிக் பைன் என்ற மலையடிவார ஊரில் காலமானார். ஹாலிவுட் விருந்துகளில் அவருக்கு நாட்டமில்லை. படங்களுக்கு இடையே சியரா நெவாடா மலையில் தனியே இருந்துகொண்டு, தூண்டிலுக்குப் பொய் ஈக்களைத் தானே கட்டி, தங்கநிற டிரவுட் மீன் பிடிப்பார் என்று ஹூஸ்டன் நினைவுகூர்ந்திருக்கிறார். வேடம் ஏதேனும் வந்தால் ஸ்டூடியோவிலிருந்து ஆள் மலையேறிச் சென்று அவரை அழைத்துவர வேண்டும். வந்து நடித்துக் கொடுத்துவிட்டுத் தூண்டிலுக்கே திரும்பிவிடுவார்.