நடுங்கும் மண்ணில் நிற்கும் வீடுகள்

புஜ், கட்ச்

அன்பார்ந்த நண்பருக்கு,

குஜராத்தின் கட்ச் பிரதேசத்திலிருந்து நான் எழுதும் கடிதத்தில் வெண்மையான உப்புப் பாலைவனமும், கண்ணாடிச் சில்லுகள் பதித்த துணிகளும், ஒட்டக மந்தைகளும் இடம்பெறும் என்றே தாங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் மனத்தைக் கவர்வனதாம். ஆயினும், இந்த மண்ணில் கால் வைத்தது முதலாக என் சிந்தையை ஆட்கொண்டிருப்பவை இங்குள்ள வீடுகளின் சுவர்களே. எந்தச் சுவர் நின்றது, எந்தச் சுவர் வீழ்ந்தது, ஏன் வீழ்ந்தது என்று கேட்டுக்கொண்டே ஊர் ஊராய்த் திரிகிறேன். கேட்டதையெல்லாம் தங்களுக்கு எழுதாவிட்டால் மனம் அமைதி கொள்ளாது.

பூமி அசைவது இங்கே புதிய செய்தியன்று. 1819-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி மாலை நேர்ந்த பூகம்பத்தில், ரண் என்னும் உப்புவெளியின் வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் மேடாக எழும்பி நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே தரை தாழ்ந்து, நீர் புகுந்து, சிந்திரி என்ற கோட்டை மூழ்கிப் போயிற்று. மனிதர் கை படாமல் எழுந்த அணையாதலால் மக்கள் அதனை அல்லா பந்த் என்று வழங்கலாயினர். பூகர்ப்ப சாஸ்திரியான சார்ல்ஸ் லயல் தம் நூலில் எடுத்துரைத்ததனால் உலகமெங்கும் அது பிரசித்தி பெற்றது. பின்னர் 1956-இல் அஞ்சார் நகரில் ஒரு பூகம்பம் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் நாற்பத்தைந்து ஆண்டுக் கால அவகாசம் இந்தத் தேசத்துக்குக் கிடைத்திருந்தது என்பதை நினைக்கும்போதுதான் நெஞ்சு பொறுக்கவில்லை.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு தினக் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலை 8 மணி 46 நிமிடத்துக்கு, பச்சாவ் வட்டாரத்தை மையமாகக் கொண்டு 7.7 அளவில் பூமி குலுங்கிற்று. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அதே அஞ்சாரில், குறுகிய தெரு ஒன்றின் வழியே கொடி ஏந்தி அணிவகுத்துச் சென்ற பள்ளிப் பிள்ளைகளின்மேல் இருபுறத்து வீடுகளும் சரிந்தன. 185 மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களில் இருபது பேரும் அங்கேயே மடிந்தார்கள். அவர்களுக்காக எழுப்பிய நினைவிடத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றே: திறந்த வெளியில் நின்றிருந்தால் அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கேனும் தீங்கு நேர்ந்திராது. பூமியின் அசைவு அவர்களைக் கொல்லவில்லை. நாம் கட்டிய சுவர்கள் கொன்றன.

அந்தச் சுவர்கள் எத்தகையவை என்று விசாரித்தேன். கட்ச், சௌராஷ்டிரம் முதலிய பிரதேசங்களின் பழைய வீடுகள் ஒழுங்கற்ற கற்களை உள்வரிசை, வெளிவரிசை என்று இரண்டாக அடுக்கி, இடையே ஜல்லியும் மண்ணும் கொட்டி நிரப்பிக் கட்டப்பட்டவை. ஒன்றரை, இரண்டு அடிப் பருமன் இருப்பதால் பார்வைக்குக் கோட்டைச் சுவர் எனத் தோன்றினாலும், உண்மையில் அது ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு மெல்லிய சுவர்களே. நிலம் குலுங்கும்போது இடையிலுள்ள மண் இறங்கி இரு வரிசைகளையும் வெளிப்புறமாகத் தள்ளுகிறது. சுவர் வயிறு பருத்துப் பிளக்கிறது. மேலே இருக்கும் கனமான கூரை தாங்குவாரின்றி நேரே கீழே இறங்குகிறது. பருமனும் பாரமும் பலம் என்று நம் முன்னோர் எண்ணியது காற்றுக்கும் மழைக்கும் பொருந்தும். பூகம்பத்துக்கு அது நேர் விரோதமாக முடிகிறது. தரை ஒரு பக்கம் நகரும்போது கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. பாரம் எவ்வளவு அதிகமோ அந்த முரண்பாட்டின் விசையும் அவ்வளவு அதிகம். 1993-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில், பூகம்பத்தின் அளவு 6.2 மட்டுமே இருந்தும், பதினாயிரத்தை ஒட்டிய உயிர்கள் போனதற்கு இதே மாதிரிக் கற்சுவர்களும், அவற்றின்மேல் மண் பரப்பிய கனத்த கூரைகளுமே காரணம்.

இனி, நின்றவற்றைச் சொல்கிறேன். புஜ் நகருக்கு வடக்கே பன்னி என்னும் புல்வெளிப் பிரதேசத்தில், லூடியா, ஹோட்கா முதலிய கிராமங்களில், புங்கா என்ற வட்ட வடிவமான மண் வீடுகள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து நெற்குதிர்களுக்குப் பெரிய அளவில் கூரை வேய்ந்து வைத்தாற்போல் தோன்றும். மண்ணாலோ, குச்சிகளைப் பின்னி மண் பூசியோ எழுப்பிய வட்டச் சுவர், ஒரு வாசல், தாழ்வான, சிறிய இரண்டு மூன்று ஜன்னல்கள், எதிரெதிர்ச் சுவர்களின்மேல் குறுக்கே கிடக்கும் ஓர் உத்தரம், அதன் நடுவே நிமிர்ந்து நிற்கும் குறுங்கம்பம், அந்தக் கம்பத்திலிருந்து நாலாபுறமும் இறங்கும் புல் வேய்ந்த கூம்புக் கூரை. உட்சுவர் முழுவதும் பெண்கள் மண்ணால் கோலமிட்டுக் கண்ணாடி பதித்திருக்கும் அழகை விவரிக்கத் தனிக் கடிதமே வேண்டும். அதை இப்போது விட்டுவிடுகிறேன். 1819-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பின்னரே தங்கள் மூதாதையர் இந்த வடிவத்தைக் கைக்கொண்டனர் என்று இங்குள்ளோர் கூறுகின்றனர். 2001-இல் சுற்றிலும் கல் வீடுகளும் கான்கிரீட் வீடுகளும் தரைமட்டமாகியபோது, செம்மையாகப் பேணப்பட்ட புங்காக்கள் பெரும்பாலும் வெடிப்போடு தப்பின.

அதன் காரணத்தை ஆராயுங்கால் வியப்பு மேலும் வளர்கிறது. சதுரமான அறையில் ஒரு சுவரின் முகத்தை நோக்கி விசை வரும்போது, அந்தச் சுவர் நடுவில் வளைந்து, மூலைகளில் பக்கத்துச் சுவர்களினின்றும் பிய்த்துக்கொண்டு வெளியே விழுகிறது. அநேக வீடுகளின் அழிவு மூலையிலேதான் ஆரம்பமாகிறது. வட்டத்துக்கு மூலை என்பதே இல்லை. எந்தத் திசையிலிருந்து விசை வந்தாலும் அந்த இடத்துச் சுவரை அடுத்த பகுதியும், அதனை அதற்கடுத்த பகுதியும் தம் வளைவினாலேயே தாங்கிக்கொள்கின்றன. புல்கூரைக்குப் பாரமில்லை; ஆகவே விசையும் குறைவு. ஒருவேளை வீழ்ந்தாலும் கீழே இருப்பவரை நசுக்கும் வலிமை அதற்கில்லை. கணித சாஸ்திரம் கற்றறியாத மேய்ச்சல் மக்கள் அநுபவத்தினாலேயே கண்டறிந்த இந்த ஞானத்துக்கு முன் நான் மனமாரத் தலை வணங்குகிறேன்.

ஆனால் எல்லோரும் வட்ட வீட்டில் வசிக்க இயலாதே. சதுர வீட்டை எப்படிக் காப்பது என்று தாங்கள் கேட்பீர்கள். அதற்கும் விடை இருக்கிறது. அது நமக்குத் தெரிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன என்பதைத்தான் நான் மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன். 1931-இல் பலுசிஸ்தானத்தின் மாச் என்ற ஊரில் பூகம்பம் ஏற்பட்டபின், ரயில்வேயில் பணியாற்றிய எஸ். எல். குமார் என்ற இளம் பொறியாளர், தண்டவாளங்களையே தூணாகவும் உத்தரமாகவும் பிணைத்து, குவெட்டாவில் ரயில்வே ஊழியருக்கான வீடுகளை அமைத்தார். இந்தியாவில் எந்தெந்தப் பகுதிக்குப் பூகம்ப அபாயம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் ஒன்றையும் 1933-இல் வெளியிட்டார். 1935-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி விடியுமுன் குவெட்டா நகரம் அழிந்தது. முப்பதாயிரம் பேருக்கு மேல் மாண்ட அந்த இரவில் அவர் அமைத்த வீடுகள் நின்றன. இதைக் காட்டிலும் பிரத்தியட்சமான நிரூபணம் வேறென்ன வேண்டும்? 1960-இல் ரூர்க்கியில் பேராசிரியர் ஜெய் கிருஷ்ணா முதலியோர் இதற்கெனவே ஓர் ஆராய்ச்சிப் பள்ளியை நிறுவினர். 1962 முதல் இந்தியத் தர நிர்ணய விதிகளும் வந்துவிட்டன. விதிகள் அச்சில் இருந்தன. கொத்தனாரின் கைக்கு வந்து சேரவில்லை.

அந்த விதிகளின் சாரம் மிக எளிது. நான்கு சுவர்களும் தனித்தனியே நிற்காமல் ஒரே பெட்டியாக நிற்க வேண்டும். அதற்காக அஸ்திவாரத்தின் மேலும், ஜன்னல், கதவுகளின் லிண்டல் மட்டத்திலும், கூரைக்குக் கீழும் மூன்று அங்குலக் கனத்தில் கம்பி வைத்த பெல்ட் கான்கிரீட், இடையறாமல் வீட்டைச் சுற்றி ஓட வேண்டும். மூலைகளில் அஸ்திவாரம் முதல் கூரை வரை நிமிர்ந்த கம்பி செல்ல வேண்டும். கற்சுவராயின் இரு வரிசைகளையும் துளைத்துச் செல்லும் நீண்ட கற்களை இடையிடையே வைக்க வேண்டும். ஜன்னலை மூலைக்கு அருகே திறக்கலாகாது. வாசலுக்கு மேல் மட்டும் லிண்டலைப் போட்டு நிறுத்திவிடுவது நம் ஊர் வழக்கம். அதையே சுற்றிலும் நீட்டுவதற்கு ஆகும் செலவு வீட்டின் மொத்தச் செலவில் மிகச் சிறு பகுதி. 2001-க்குப் பின் இங்கே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் புதிதாக எழுந்தன. பெரும்பாலும் குடும்பத்தாரே கட்டிக்கொண்டனர். அரசாங்கம் தவணை தவணையாகப் பணம் கொடுத்து, விதிப்படி வேலை நடந்திருக்கிறது என்று பொறியாளர் சான்றளித்த பின்னரே அடுத்த தவணையை விடுவித்தது. இன்று கிராமங்களின் பூசப்படாத கற்சுவர்களில், லிண்டல் மட்டத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று வீட்டைச் சுற்றி ஓடுவதை நான் பல இடங்களில் கண்டு மகிழ்ந்தேன்.

புஜ் மருத்துவமனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடம் 2001-இல் நோயாளிகளோடு இடிந்து வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை வேண்டியிருந்த நேரத்தில் ஊருக்கு மருத்துவமனையே இல்லாமற் போயிற்று. 2004-இல் திறந்த புதிய கட்டடம், அஸ்திவாரத்துக்கும் தூண்களுக்கும் இடையே ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கி, நடுவே ஈயத்தண்டு செருகிய தாங்கிகளின்மேல் நிற்கிறது. நியூசிலாந்தின் வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்த முறை இது: நிலம் வேகமாக அசைந்தாலும் ரப்பர் வளைந்து கொடுக்க, ஈயம் அந்த வேகத்தை விழுங்க, மேலே கட்டடம் மெதுவாகவே ஆடும். அறுவை சிகிச்சை அறை அந்த வேளையிலும் இயங்க வேண்டுமாதலால் இங்கே அந்தச் செலவு முற்றிலும் தகும்.

இப்போது தங்களுக்கு நேரே சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வரும் வழியில் அகமதாபாத்தில் தங்கினேன். பூகம்ப மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் நகரம் அது. ஆயினும் 1819-இல், அகமது ஷாவின் காலத்தில் 1424-இல் கட்டி முடித்த ஜும்மா மசூதியின் உயர்ந்த மினார்கள் அங்கே வீழ்ந்தன. 2001-இல் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் வீழ்ந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். நெடுந்தூரம் செல்லும் நிதானமான அலைகள் சபர்மதியின் வண்டல் மண்ணில் பெருகி, சிறிய வீடுகளை விட்டுவிட்டு, தம்மைப் போலவே நிதானமாக ஆடும் உயரமான கட்டடங்களை அசைத்தன. அப்படி அசைந்தவற்றுள் வீழ்ந்தவை பெரும்பாலும் ஒரே இனத்தவை: கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்துவதற்காகச் சுவரின்றி வெறும் தூண்களாக விடப்பட்டவை. மேல்தளங்களில் செங்கற்சுவர் இருப்பதால் அவை ஒரே கட்டியாக விறைத்து நிற்கின்றன. ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத்துத் தூண்கள் மட்டுமே ஏற்க வேண்டியிருக்கிறது. தூணின் தலையும் அடியும் நொறுங்க, மேல்தளங்கள் அப்படியே கீழ்த்தளத்தின்மேல் அமர்ந்துவிடுகின்றன.

தாங்கள் சென்னையில் பழைய வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடிக் குடியிருப்பாக எழுப்பப் போவதாகவும், கீழ்த்தளம் முழுவதையும் கார்களுக்கு விடப்போவதாகவும் எழுதியிருந்தது என் நினைவில் இருந்துகொண்டே இருக்கிறது. சென்னைக்குப் பூகம்பம் எங்கிருந்து வரும் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் 6 அளவில் பூமி அதிர்ந்ததுண்டு. 2002-இல் திருத்திய விதி சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. சுவரற்ற கீழ்த்தளத்தின் தூண்களுக்கு, கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்கைத் தாங்கும் வலிமை வேண்டும், அல்லது அங்கே கான்கிரீட் சுவர்களை நிறுத்த வேண்டும் என்றும் அதே விதி கட்டளையிட்டது. லிஃப்டைச் சுற்றி மட்டும் ஒரு மூலையில் சுவர் வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும்; இரு திசைகளிலும், எதிரெதிர்ப் பக்கங்களிலும் சுவர் வருமாறு அமைக்கச் சொல்லுங்கள். இரண்டொரு கார்களுக்கு இடம் குறையலாம். அந்த இழப்பைத் தாங்கள் மனமுவந்து ஏற்க வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, கம்பி கட்டும் வேலையைப் பற்றியது. பச்சாவில் ஒரு முதிய கொத்தனார், தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி வரும் ரிங் ஒன்றை எடுத்து, அதன் முனைகளைத் தூணின் உட்பக்கம் நோக்கி நன்றாக மடக்கிக் காட்டினார். செங்கோணமாக மட்டும் மடக்கி விட்டால், பூகம்பத்தில் வெளிப்பூச்சு உதிர்ந்தவுடன் ரிங் திறந்துகொள்ளும், நெடுங்கம்பிகள் வெளியே வளையும், தூண் நொறுங்கும். உள்ளே மடக்கினால் கடைசிவரை பிடித்துக்கொள்ளும் என்றார். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குகளை நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். 2001-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் தம் தமையனை இழந்தவர் அவர். அவர் சொன்னதைத் தங்கள் மேஸ்திரியிடம் தாங்களே நேரில் சொல்லி, கான்கிரீட் போடுமுன் ஒவ்வொரு தூணையும் நின்று பாருங்கள். போட்ட பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

கீழ்த்தள வரைபடத்தின் நகல் ஒன்றை உடனே நான் தங்கியிருக்கும் விடுதியின் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். பத்து நாள் வரை இங்கேதான் இருப்பேன். மறுநிர்மாணப் பணியில் ஈடுபட்டிருந்த பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்துத் தம் அபிப்பிராயத்தை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தூண்களின் அளவும், மண் பரிசோதனையின் முடிவும் உடன் இருந்தால் நலம் என்றார்.

தங்கள் அன்புள்ள
நண்பன்