தலையணையருகே ஓர் ஒளி

திருவேற்காட்டில் எங்கள் படுக்கையறைச் சன்னலைத் திறந்தால், எதிர்வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் கைப்பேசிக் கோபுரம் கண்ணில் படும். என் மனைவி உறக்கமின்றித் தவித்த இரவுகளுக்கெல்லாம் அதுவே காரணம் என்று நான் தீர்ப்பெழுதிவிட்டேன். அன்பியக் கூட்டத்திலும் அதையே பேசினேன். கோபுரத்தை அகற்றக் கோரும் மனுவை எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

மனுவுக்குச் சான்று தேடித்தான் படிக்கத் தொடங்கினேன். மூளையின் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு கூம்புச் சுரப்பி, இருள் சூழ்ந்ததும் மெலடோனினைச் சுரந்து இரவு வந்ததை உடலுக்கு அறிவிக்கிறது. மின்சாரக் கருவிகளின் காந்தப் புலம் இச்சுரப்பைக் குறைத்து மார்பகப் புற்றுக்கு வழிகோலுமோ என்ற ஐயத்தை 1987-இல் ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் எழுப்பினார். அவ்விடத்தில் என் வாசிப்பு நின்றது. மனைவியின் தமக்கை அந்நோயில்தான் மறைந்தார்.

ஆனால், தன்னார்வலர்களைக் காந்தப் புலத்தில் இரவெல்லாம் உறங்கவைத்த சோதனைகளில் பெரும்பாலானவற்றில் மெலடோனின் குறையவில்லை. 2007-இல் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றுகளை எடைபோட்டபோதும் அந்த ஐயம் உறுதிப்படவில்லை. கோபுரமும் கைப்பேசியும் அனுப்பும் கதிரலை வேறு வகை. அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2011-இல் சேர்த்தார்கள். மறு ஆண்டே நம் அரசு, கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. ஆகவே அச்சம் முழுதும் வீண் என்று சொல்லமாட்டேன்.

ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது ஒன்று உண்டு: இரவில் கண்ணில் படும் ஒளி மெலடோனினைக் குறைக்கும். பேரொளியில் இது நிகழ்வதை 1980-லேயே கண்டறிந்துவிட்டார்கள்.

எங்கள் மகன் குவைத்தில் இரவு 10 மணிக்குப் பணி முடிந்து அழைப்பான். இங்கே அப்போது 12.30. அதற்காகவே கைப்பேசி அவள் தலையணைக்கடியில் கிடக்கும். யார் எதை அனுப்பினாலும் ஒளிரும், அவள் விழிப்பாள். நானோ பக்கத்தில் படுத்து நள்ளிரவுவரை செய்தி பார்ப்பேன். அந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுவதை ஒருநாளும் கவனித்ததில்லை. பிறர் கண்ணில் துரும்பு தேடியவன் கதைதான்.

இப்போது இரண்டு கைப்பேசிகளும் கூடத்தில், மாதா சொரூபத்தின் அருகே உறங்குகின்றன. மகனின் அழைப்புக்கு மட்டும் மணியை உரக்க வைத்திருக்கிறோம். முன்னிலும் சற்று நன்றாக உறங்குகிறாள். ஆயினும் 12.30-க்கு விழித்து, இருளில் செவி கொடுத்தபடி கிடக்கிறாள். அதற்கு எந்தக் கருவியும் காரணமில்லை.

மனுவை நான் கைவிடவில்லை. ‘உறக்கமின்மை’ என்ற சொல்லை மட்டும் அதிலிருந்து அடித்துவிட்டேன்.