அரை இஞ்சுக் கண்

மாசி பிறந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்துக் கிராமச் சாலைகளில் பாதி களமாக மாறிவிடும். பிடுங்கி வந்த உளுந்துச் செடியைத் தார் மேல் பரப்பி வைத்திருப்பார்கள். வண்டிகள் ஏறி ஏறிப் போக, நெற்று வெடித்துப் பயறு உதிரும். முறத்தோடு ஓரத்தில் நிற்கும் அம்மாள், "மேலயே ஏத்துப்பா" என்று கையைக் காட்டுவார். ஆபத்தான பழக்கம்தான். காய்ந்த செடி அச்சில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டு, வண்டி பற்றி எரிந்ததும் உண்டு. ஆனாலும் விளைந்ததை உலர்த்த வேறு இடம் இல்லாதவரிடம் "சாலையில் கொட்டாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சக்கரத்தடியில் நொறுங்கும் அந்தச் சண்டு காற்றில் எழும்பி, பின்னால் வரும் வண்டியின் முகத்தில்தான் போய் அடைகிறது. ரேடியேட்டர் என்பது மெல்லிய குழாய்களும் அவற்றுக்கிடையே மடித்து வைத்த தகட்டு இதழ்களும் சேர்ந்தது. இதழுக்கும் இதழுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு, மூன்று. அதற்குள் உளுந்துத் தோலும் வைக்கோல் துணுக்கும் புகுந்துவிட்டால், மேலே புழுதி படிந்து, அடுத்த மழையில் நனைந்து காய்ந்து கெட்டியாக உட்கார்ந்துவிடும். பிறகு எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றினாலும் எஞ்சின் சூடு தணியாது. வண்டிக் கம்பெனிக்காரர்கள் முன்புறத்தில் வைக்கும் கிரில்லில் பட்டைக்குப் பட்டை இரண்டு விரல் நுழையும். அது நெடுஞ்சாலைக்குப் போதும். பயறு காயும் சாலைக்கு வலை வேண்டும்.

அந்த வலையைச் செய்து தரும் ஒரு தகரக் கொட்டகை, மேல்சித்தாமூருக்குப் போகும் வழியில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் அது. பார்சுவநாதர் கோயில் கோபுரத்தைப் பார்க்கவும், மலைநாதர் கோயில் பாறையில் செதுக்கிய சிற்பங்களைப் பார்க்கவும் வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் போனது கொட்டகைக்கு.

கொட்டகையில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடும் பெரியவர் இளவயதில் புதுச்சேரியில் டிங்கரிங் பழகியவர். அவருடைய தங்கை மகன் வெல்டிங் பார்க்கிறான். பின்பக்கத்தில் வேலிக் கம்பி பின்னும் மெஷினோடு ஓர் அக்கா. கொட்டகையின் சோற்றுக்கு வழி அந்த வேலிதான். செஞ்சியைச் சுற்றியுள்ள காடுகளிலிருந்து இறங்கும் பன்றிகள் மணிலாக் கொல்லையைப் புரட்டிவிடுவதால், வலை வேலிக்கு எப்போதும் ஆள் உண்டு. சுருளிலிருந்து வரும் கம்பி, மெஷினுக்குள் திருகு மாதிரி சுழலும் தட்டைப் பட்டையில் ஏறி, வளைந்து நெளிந்து வெளியே வருகிறது. வரும்போதே சுழன்றுகொண்டு, முன்பு வந்த கம்பியின் வளைவுகளுக்குள் தானே திருகி நுழைகிறது. அக்கா செய்வது இரண்டு வேலை. உரிய நீளத்தில் வெட்ட வேண்டும். பிறகு இரு முனைகளையும் பிளேயரால் பக்கத்துக் கம்பியின் முனையோடு மடக்கிவிட வேண்டும். மடக்கும் வேகத்தில் அவர் கை எனக்குச் சரியாகக் கண்ணுக்கே படவில்லை. விரல்களில் பழைய காயங்களின் தழும்பு நிறைய.

"கண்ணு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு வந்தா பன்னி அந்த எடத்துலதாங்க மூக்க வெப்பான்" என்றார்.

வலையின் துளைக்குக் 'கண்' என்றுதான் அங்கே பேர். இந்தத் தொழிலில் கம்பிக்குத்தான் காசு என்றாலும், யோசனை முழுக்கக் கண்ணைப் பற்றியது.

நான் இருந்தபோது வேலைக்கு வந்து நின்றது ஓர் அம்பாசடர். உள்ளூர்ச் சமணரான நயினார் ஒருவருடையது, அப்பா காலத்து வண்டி. முன்னால் வேறொரு வண்டி இடித்ததில் கிரில் உடைந்து, பாதி வாயோடு நின்றது. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இருந்த ஆலை 2014 மே மாதத்தில் அம்பாசடர் செய்வதை நிறுத்தியது. அதற்குப் பிறகு இதன் சாமான் என்றால் பழைய இரும்புக் கடைதான் கதி. அங்கே கிடைத்தாலும் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று ஒவ்வொன்றுக்கும் முகம் வேறு. ஒன்றின் கிரில் இன்னொன்றில் உட்காராது.

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருவியா? நான் சாப்புடப் போவணும்" என்றார் நயினார். சூரியன் மறைந்தபின் உண்ணாத வழக்கம் சமணர்களுடையது. மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு, ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்தார்.

எனக்கு அந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இந்த அட்டைதான். டேப்பைத் தொடவே இல்லை. வண்டியின் வாயில் அட்டையை அழுத்திப் பிடித்தார். ஓரத்துத் தகட்டின் விளிம்பு அட்டையில் கோடாகப் பதிந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் விட்டு வெட்டினார். மறுபடி வைத்துப் பார்த்தார். இடது ஓரம் இடித்தது. பழைய அடியில் அந்தப் பக்கத் தகடு லேசாக உள்ளே போயிருக்கிறது. அட்டையில் அங்கே மட்டும் ஒரு நூல் குறைத்தார். டேப் வைத்து அளந்திருந்தால் இடமும் வலமும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு, கடைசியில் சுத்தியலால் அடித்து உட்கார வைத்திருப்பார்கள். அட்டை, வண்டி இப்போது இருக்கிற இருப்பை அப்படியே சொல்லிவிடுகிறது.

அடுத்து எந்த வலை என்ற பேச்சு. கொட்டகையில் கோழி வலை, வெல்ட் மெஷ், டைமண்ட் மெஷ் மூன்றும் இருந்தன. கோழி வலையை மாஸ்டர் கையிலேயே எடுக்கவில்லை. ஓடுகிற காற்றில் அது தொளதொளவென்று ஆடி ரேடியேட்டரில் உரசும். டைமண்ட் மெஷ் என்பது இரும்புத் தகட்டில் வரிசையாகக் கீறல் போட்டு இழுத்து விரித்தது. அதை என் கண்ணுக்கு நேரே பிடித்து, "மேலேர்ந்து பாருங்க, இப்ப கீழேர்ந்து பாருங்க" என்றார். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தபோது மறுபக்கத்து வேப்பமரம் முழுக்கத் தெரிந்தது. தகட்டைத் தலைகீழாகத் திருப்பியதும் மரம் காணாமல் போனது. இழுக்கும்போது ஒவ்வொரு இழையும் சாய்ந்துகொள்வதால், அது ஜன்னல் சட்டம் போலக் காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். சரியான பக்கம் தெரியாமல் மாட்டினால் காற்று ரேடியேட்டருக்குப் போகாமல் தரைக்குப் போகும். பலர் இதைக் கவனிக்காமல் பளபளப்புக்காக மாட்டிக்கொள்கிறார்கள்.

அவர் எடுத்தது அரை இஞ்சு கண்ணுள்ள, 16 கேஜ் ஜிஐ வெல்ட் மெஷ். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 16 என்றால் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பிக்குக் கம்பி அரை இஞ்சு, அதாவது 12.7 மில்லிமீட்டர், கம்பியின் கனம் போகத் திறந்திருப்பது 11 மில்லிமீட்டர் சொச்சம். பரப்பாகப் பார்த்தால் நூற்றுக்கு 76 பங்கு காற்றுக்குத் திறந்திருக்கிறது. கால் இஞ்சுக் கண்ணில் 18 கேஜ் கம்பி என்றால் அது 65 பங்காகக் குறைந்துவிடும். இன்னும் நெருக்கமாகக் கொசுவலையைக் கட்டினால், துளை சின்னதாவதால் புழுதியே கண்ணை அடைத்துவிடும். பூச்சி உள்ளே போகக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, நயினார் கொசுவலைதான் கேட்டார். "காத்தையும் சேத்து நிறுத்திடுங்க ஐயா அது" என்று மாஸ்டர் மறுத்துவிட்டார். அவர் சதவீதம் எதுவும் போட்டுப் பார்த்தவரல்ல. அறுப்பு நேரத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் நெல் அறுக்கும் மெஷின்களுக்கும் டிராக்டர்களுக்கும் வலை மாற்றி மாற்றித் தெரிந்துகொண்டது.

வலை வைத்த முகப்பு இன்று விலை உயர்ந்த கார்களின் அழகு. பென்ட்லி காரின் முகத்தில் அது ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது. தொடக்கம் மட்டும் கல்லடியில்தான். 1923இல் பிரான்சில் நடந்த முதல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், ஜல்லிச் சாலையில் பறந்த கல் பட்டு ஒரு பென்ட்லியின் முன்விளக்கு உடைந்தது, பெட்ரோல் டாங்கும் ஓட்டையானது. மறு ஆண்டு விளக்குகளுக்குக் கம்பி வலை கட்டிக்கொண்டு வந்து அந்தப் பந்தயத்தை ஜெயித்தார்கள். சாலை மோசமாக இருந்தால் வலை வேண்டும் என்பது அங்கேயும் இங்கேயும் ஒரே கணக்கு.

சுருளிலிருந்து வெட்டிய வலை மறுபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும். அதைக் கவிழ்த்துப் போட்டு, காலால் மிதித்து, எதிர்த்திசையில் வளைத்து நேராக்கினார்கள். அட்டையை மேலே வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு. கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு கம்பியாக வெட்டு. கால் இஞ்சு கம்பியை வைஸில் பிடித்து, அம்பாசடர் வாயின் வளைவுக்கு வளைத்து, முனைகளைச் சேர்த்துச் சட்டமாக்கினார் மாஸ்டர். அந்தச் சட்டத்தில் வலையை ஒட்டவைப்பது மருமகன் பொறுப்பு. மெல்லிய கம்பியில் நேரே ராடை வைத்தால் அது உருகிக் கொட்டிவிடும். அதனால் ஆம்பியரைக் குறைத்து, தடித்த சட்டத்தின் மேல் நெருப்பை வைத்து, உருகிய குழம்பைக் கம்பியின் பக்கம் தள்ளிவிட்டான். ஒரு பொட்டு வைத்து எடுக்க ஒரு நொடி. அவன் ஒரு கம்பியையும் கருக்கவில்லை.

ஜிஐ கம்பியில் நெருப்பு பட்டதும் மேலே பூசிய துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பியது. அந்தப் புகையை உள்ளே இழுத்தால் அன்று மாலையே குளிர்சுரம் வரும். வெல்டிங் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சுரம் அது. பால் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்பிப் பலர் குடிக்கிறார்கள். பால் புகையை ஒன்றும் செய்யாது. சட்டத்தில் படும் முனைகளில் மட்டும் பூச்சை அரத்தால் சுரண்டிவிட்டு, காற்று வீசும் பக்கத்துக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்தால் பாதிக்கு மேல் தப்பிக்கலாம். மருமகன் சுரண்டினான், ஆனால் முகத்துக்கு ஒரு துண்டு மட்டும். கையில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி கொட்டகையில் ஒன்றுதான், பக்கத்தில் நிற்பவருக்குக் கிடையாது. இரவில் கண்ணில் மணல் கொட்டியது மாதிரி உறுத்துகிறது என்று அக்கா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வலை கேட்டு வருகிற நாம் எல்லோரும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். இரண்டாவது கண்ணாடி அந்தப் பத்து ரூபாய்களில்தான் போய்விடுகிறது.

சட்டத்தின் நான்கு மூலையிலும் பட்டை வைத்து, வண்டியில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளுக்கே போல்ட் போட்டார்கள். உடலோடு சேர்த்து வெல்டு வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், பிறகு கழற்றிச் சுத்தம் செய்ய வழி இருக்காது. போல்ட்டுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார் மாஸ்டர், அதிர்வு வலைக்குப் போகாமல் இருக்க. ரேடியேட்டருக்கும் வலைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. மேலே பிரைமரும் கறுப்புப் பெயிண்டும் மெல்லிசாக ஒரு கை. தடிமனாக அடித்தால் கண் சிறுத்துவிடும்.

கடைசியில் ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, தினத்தாளில் ஒரு தாளைக் கிழித்து வலைக்கு முன்னால் பிடித்துக் கையை விட்டார். விசிறி உள்ளிருந்து இழுத்த இழுப்பில் தாள் வலையோடு ஒட்டிக்கொண்டது. நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தார். நான்கிலும் விழவில்லை.

இதற்கிடையில் புது ஜீப்பில் வந்த ஓர் இளைஞர், முன்னால் தடித்த குழாயில் பம்பர் போட்டுத் தரச் சொன்னார். மாஸ்டர் முடியாது என்றுவிட்டார். அந்தக் குழாய்ப் பம்பர்களை அகற்றச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர் மேல் மோதினால் அடி பலமாக விழும். காற்றுப்பை விரிவதற்கும் அது இடைஞ்சல். நல்ல வரும்படியுள்ள வேலை அது. அதை விட்டவருக்கு இந்த வலையில் கிடைப்பது எவ்வளவு என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலை சதுர அடிக் கணக்கு, கம்பி கிலோ கணக்கு, ராடு எண்ணிக்கை, பெயிண்ட், அப்புறம் கூலி என்று ஒரு மொத்தத் தொகை. அட்டை வெட்டி அளவெடுத்ததற்கும், கண் எத்தனை இஞ்சு இருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதற்கும் அந்தச் சீட்டில் ஒரு வரி கிடையாது. கேட்டேன்.

"அதுக்கு யாரு சார் குடுப்பாங்க? கம்பியத்தான பாக்குறாங்க."

நகரத்தில் இதே வேலையைக் கணினியில் வரைந்து தருகிறவர் வரைந்ததற்குத்தான் முதலில் பில் போடுவார். அட்டையில் வரைந்தவருக்கும் அது சேர வேண்டும். கூலியிலிருந்து பிரித்து, 'அளவுக்கு' என்று தனியாக ஒரு தொகை எழுதுங்கள் என்று வற்புறுத்தினேன். தயங்கித் தயங்கி எழுதினார், சிறிய தொகைதான். நயினார் சீட்டை மேலிருந்து கீழே வரை படித்துவிட்டு, அந்த வரியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார்.

வண்டியில் ஏறியவரிடம் மாஸ்டர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "மாசத்துக்கு ஒருக்கா நாலு போல்ட்டையும் கழட்டிட்டு ரேடியேட்டர அலசிடுங்க ஐயா. தண்ணிய எஞ்சின் பக்கத்துலேர்ந்து வெளிய பாத்து அடிக்கணும். முன்னாடி நின்னு அடிச்சா சண்டு இன்னும் உள்ளதான் போயி உக்காரும். போல்ட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்க, அடுத்த தடவ கழட்ட வரும்."