விவரம் சொன்னவர்

செவிலியர் பயிற்சிப் பள்ளியில் மனநலப் பாடம் எடுக்கும் தோழி ஒருத்தி போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நோட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்று அவளுடைய பாடக் குறிப்பு. மற்றது அவள் மாணவி ஒருத்தியின் பதிவேடு. மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகிற மாணவிகள் நோயாளியோடு பேசியதை வரிக்கு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் சொன்னது ஒரு கட்டம், இவள் சொன்னது ஒரு கட்டம், அதற்கு என்ன பொருள் என்று இன்னொரு கட்டம். பிராசஸ் ரெக்கார்டிங் என்று பெயர். எல்லாமே ஆங்கிலத்தில்.

நோயாளி சொன்ன கட்டத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: ‘பேஷன்ட் திங்கிங் டூ மச்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். “ஒரே ரோசனையா இருக்கும்மா” என்றிருப்பார். நம் வீட்டுப் பெண்கள் யோசனை என்று சொல்வது சிந்தனையை அல்ல. கடன், குடித்துவிட்டு வருகிறவன், கட்டிக்கொடுத்த மகள், வராத தூக்கம், இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும். மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அந்த மாணவிக்கும் அது நிச்சயம் புரிந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதப் போகும்போது வழியில் கொட்டிவிட்டாள்.

“பரீட்சை இங்கிலீஷ்ல எழுதட்டும். புரிஞ்சுக்கிறது தமிழ்ல நடக்கட்டும். முதல் பாடத்தை மட்டும் தமிழ்ல போட்டுக் குடு” என்றாள் தோழி. மனநலம் என்றால் என்ன, மனநோய் என்றால் என்ன, எதனால் வருகிறது. இருபது பக்கம்.

சொற்களில்தான் முதலில் மாட்டிக்கொண்டோம். மன அழுத்தம் என்ற சொல்லை நாளிதழ்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்கும் போடுகின்றன. அலுவலக நெருக்கடியும் அதுவே, மாதக்கணக்கில் எழுந்து குளிக்கக்கூட முடியாமல் படுத்திருப்பதும் அதுவே. பின்னதற்கு மனச்சோர்வு என்று வைத்தோம். சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடுவார்களே என்று தோழி கவலைப்பட்டாள். நியாயமான கவலை. ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. ஊர் வழக்கில் இருக்கும் சொற்களில் பாதி வசவு. 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனை இருக்கிற பாவத்துக்குக் கீழ்ப்பாக்கம் என்கிற ஊர்ப்பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம்.

காரணங்கள் என்ற பகுதி நன்றாகவே இருந்தது. மனநோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்று ஆரம்பித்து மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள். முன்பே உள்ளே இருப்பவை: பரம்பரை, கருவிலும் குழந்தைப் பருவத்திலும் நேர்ந்தவை. தூண்டிவிடுபவை: ஓர் இழப்பு, ஒரு பிரசவம், அடி, வேலை போவது. வந்ததைப் போகவிடாமல் பிடித்து வைப்பவை: வறுமை, குடி, தனிமை, அடங்காத கணவன் வீடு. தைராய்டு குறைந்தாலும் ரத்தச் சோகை இருந்தாலும் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும், எனவே முதலில் ரத்தப் பரிசோதனை என்று தோழி சிவப்பு மையில் எழுதியிருந்தாள். அந்த வரி எனக்குப் பிடித்தது. எத்தனை பெண்களின் சோம்பேறித்தனம் அந்த ஒரு குழாய் ரத்தத்தில் தீர்ந்திருக்கும்!

அடுத்து வந்தது நோயாளியின் வரலாறு கேட்கும் படிவம். பெயர், வயது, ஊர். அதற்குக் கீழே ‘இன்ஃபார்மன்ட்’. விவரம் சொன்னவர் யார், நோயாளிக்கு என்ன உறவு, அவர் சொல்வது நம்பத்தக்கதா, போதுமானதா. அந்த வரியைத் தமிழில் எழுதிவிட்டு அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. 1985இல் அம்மாவை மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது கொடுத்தது. தட்டச்சு செய்து, ஓரம் உதிர்ந்துபோன தாள். விவரம் சொன்னவர்: கணவர். நம்பத்தக்கது, போதுமானது. நோய் தொடங்கியது: பிரசவமான ஒன்பதாம் நாள். தூக்கமில்லை, இரவில் பாத்திரங்களைத் துலக்குகிறார், குழந்தைக்குப் பால் கொடுக்க மறுக்கிறார், குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று நம்புகிறார். தூண்டிய நிகழ்வு: ஏதுமில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும்: இல்லை.

எனக்கு அப்போது ஆறு வயது. கிணற்றடியில் நடுச்சாமத்தில் பாத்திரம் உருளும் சத்தம் நினைவிருக்கிறது. அம்மா தம்பியைக் கையில் வாங்காமல், “எம்புள்ளைய எங்க வச்சிருக்கீக?” என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டே போனது நினைவிருக்கிறது. முதலில் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள், பிறகு தர்காவில் கயிறு கட்டினார்கள், கடைசியில் ஆஸ்பத்திரி.

தூண்டிய நிகழ்வு ஏதுமில்லை. தம்பிக்கு முந்தைய வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்து சில நாளில் இறந்துபோயிருந்தது. மூன்று நாள் என்று வீட்டில் சொல்வார்கள். அம்மாவை அழவிடவில்லை. பச்சை உடம்புக்காரி அழக்கூடாது, பொட்டப்புள்ளதான, அடுத்தது பையனாகப் பிறக்கும் என்றார்கள். ஓரிரு மாதத்தில் மறுபடி உண்டாகிவிட்டாள். இதை அப்பா மருத்துவரிடம் மறைத்தார் என்று நான் பல வருடம் கோபமாக இருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவரிடம் கேட்டிருப்பார்கள், அவரும் யோசித்துப் பார்த்துத்தான் ஏதுமில்லை என்றிருப்பார். அவர் கணக்கில் அது நிகழ்வில்லை.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றது மட்டும் தெரிந்தே சொன்ன பொய். அம்மாவின் அக்கா கிணற்றில் விழுந்தது கால் தவறி அல்ல என்று ஊருக்கே தெரியும். அப்போது சித்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தைந்து வயதில் நான் அம்மாவின் பைத்தியத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். சமையலறைக்கு எதிரான கலகம் என்கிற மாதிரி வரும். சிற்றிதழில் வந்தது, நல்ல பெயரும் வாங்கிக் கொடுத்தது. அம்மா வாசித்துவிட்டு, “நான் எங்கடி எதுத்தேன்? ஒடம்பு சரியில்லாமக் கெடந்தேன்” என்றாள். எந்த விமர்சகரும் அந்தக் கவிதையைப் பற்றி அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அவள் சொன்னது உண்மை. பிரசவத்துக்குப் பின் ஆயிரத்தில் ஒருவர், இருவருக்கு இப்படி வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மளமளவென்று. ஹார்மோன் சட்டென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும் பரம்பரையும் அதில் சேர்ந்திருக்கின்றன. தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து வரக்கூடிய அவசர நிலை அது. மருந்தில் குணமாகவும் கூடியது. அம்மாவை மீட்டது மாத்திரைதான், என் கவிதை அல்ல. எல்லாவற்றுக்கும் ஆணாதிக்கம் என்று எழுதி மூடிவிடுவது நம் பக்கத்தில் இருக்கிற ஒரு சோம்பல். மூளையும் உடம்பும் பெண்களுக்கும் உண்டு. அதற்காக அந்தத் தாளில் இருந்த ‘ஏதுமில்லை’ சரியாகிவிடாது. தனக்கு ஒரு குழந்தை இருந்தது, அதைக் காணோம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நோயின் குழப்பத்தில் கேட்டாள். கேட்டதில் விஷயம் இருந்தது.

தோழியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காபி ஆறிப் பாலாடை படிந்திருந்தது. “இதை என் பிள்ளைங்ககிட்ட வந்து சொல்லு” என்றாள்.

வகுப்பில் நாற்பது பேர். மூன்று பையன்கள். தமிழ்க்காரி என்பதால் சங்க இலக்கியத்தில் தொடங்கினேன். அகப்பாடல்களில் தலைவி மெலிந்து நிறம் மாறிக் கிடப்பாள். தாய்மார் கட்டுவிச்சியிடம் குறி கேட்பார்கள், வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பார்கள். முருகன் அணங்கியது என்று வேலன் சொல்வான், ஆட்டை அறுப்பார்கள். காரணம் தோழிக்குத் தெரியும். தலைவியிடம் யாரும் கேட்க மாட்டார்கள். இதில் ஒரு சங்கடம். வேலனை அழைக்கிற தாய்மாரில் ஒருத்தி செவிலி. நீங்கள் பெயராக வைத்திருக்கிற அதே சொல். அறத்தொடு நிலை என்ற துறையில் அவள் மாறிவிடுவாள். தலைவி தோழிக்குச் சொல்ல, தோழி செவிலிக்குச் சொல்ல, செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். உண்மை பெண்களின் வாய் வழியாகவே நகர்ந்து, கடைசியில்தான் தந்தைக்கும் தமையன்மாருக்கும் போகும். அழுகை எதனால் வரும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு காரணம் சொல்கிறார் என்றும் சொன்னேன்: பிறர் இழிவாக நடத்துவது, எதையாவது இழப்பது, இருந்த நிலை கெட்டுத் தளர்வது, வறுமை. ஒரு பையன் கடகடவென்று எழுதிக்கொண்டான். பரீட்சைக்கு வராது என்று சொன்னதும் பேனாவை மூடிவிட்டான்.

பிறகு அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன்.

“அப்ப வீட்டுக்காரர் சொல்றதை நம்பக்கூடாதா மேடம்?” என்று ஒரு பெண் கேட்டாள். தோழி எழுந்து பதில் சொன்னாள். நோய் முற்றிய நிலையில் நோயாளியால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. எத்தனை நாள் தூங்கவில்லை, எங்கே போனார், என்ன சாப்பிட்டார் என்பதைக் கூட இருந்தவர்தான் சொல்ல முடியும். அதை வாங்கு. யார் சொன்னது என்று எழுது. அப்புறம் அந்த அம்மாவிடம் தனியாகக் கேள், அவர் சொன்ன சொல்லிலேயே எழுது, தமிழிலேயே எழுது, மதிப்பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் சொன்னாள். தனக்குப் பிரதிநிதியாக யார் இருக்க வேண்டும் என்பதைப் பதினெட்டு வயது கடந்த யாரும் தானே எழுதி வைக்கலாம். அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வகுப்பில் ஒரு சலசலப்பு.

“தனியா எங்க மேடம் விடுறாங்க? மாமியார் கட்டில்ல பக்கத்துலயே உக்காந்திருக்கும்” என்றாள் பின் வரிசைப் பெண் ஒருத்தி.

“ஃபிளாஸ்க்குல வெந்நி புடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிருவேன்” என்றாள் இன்னொருத்தி. “வெந்நி புடிக்கிற எடம் கீழ் மாடில. லிஃப்ட்டும் வேல செய்யாது.” வகுப்பே சிரித்தது. நானும் தோழியும் சேர்ந்து எழுதிய இருபது பக்கத்தில் இந்த யோசனைக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

மணி அடிக்கும் நேரத்தில் முதல் வரிசைப் பெண் எழுந்தாள். “மேடம், குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு உங்ககிட்ட டாக்டர் கேட்டா சொல்லுவீங்களா?”

எனக்கு 2009இல் மகள் பிறந்தாள். மூன்றாவது வாரம், குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளைத் தூக்கவே பயமாக இருந்தது. கணவர்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனார். இதே கேள்வி வந்தது. கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். கல்லூரி ஆசிரியை, தமிழில் முனைவர் பட்டம், பெண்ணியக் கருத்தரங்குகளில் மைக் பிடிக்கிறவள். “இல்லை” என்றேன். குழந்தையை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு வந்ததுபோன்ற நோய் குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவர் எழுதும் மருந்தே மாறக்கூடும். தெரியாமல் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரை சிலரை எதிர்த்திசையில் தூக்கி எறிந்துவிடும். எனக்கு அப்படி ஆகவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

“சொல்லல” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்களோ என்று பிறகு பேருந்தில் நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. ராத்திரி ஒரு மாத்திரை, அவ்வளவுதான். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தேன். நாற்பது வருடமாக நான் கேட்காத கேள்வியை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “அந்தப் பாப்பா மூணு நாள்தானம்மா இருந்துச்சு?” என்றேன்.

“மூணு நாளா? யாரு சொன்னா, ஒங்கப்பாவா?” கை நிற்கவில்லை. “பதினோரு நாளு. பதினோராம் நாள் விடியக்கருக்கல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து, “பேரு வைக்கலைன்னு சொல்லுவாக. நான் வச்சிருந்தேன்” என்றாள்.

என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னாள். எதிலேயும் எழுதிக்கிழுதி வைக்காதே என்றாள். என் தட்டைப் பார்த்து, “காம்போட போடுற பாரு, அதைக் கிள்ளு” என்றாள்.