மகனோட கணினியும் பூக்கட்டும் பாட்டியும்

ஓம் முருகா. பிரிக்ஃபீல்ட்ஸ்ல நம்ம கோயில் பங்குனி உத்திர வீடியோ ஏன் இன்னும் வரலன்னு பலரும் கேட்டீங்க. தப்பு என்மேலதான். மறைக்காம சொல்லிடுறேன்.

கிள்ளான்ல எங்க வீட்டுல மகன் ஒரு கணினி வச்சிருக்கான். லோயாட் பிளாஸால சாமான் வாங்கி அவனே பூட்டினது. 3.5 கிகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டிய சிபியுவை 4.4க்கு ஏத்தி, மெமரி வேகத்தையும் கூட்டியிருந்தான். இதைத்தான் ஓவர்கிளாக்னு சொல்றாங்க. "ஆறு மாசமா கேம் விளையாடுறேன்பா, ஒண்ணும் ஆகல"ன்னான். நானும் நம்பி வீடியோவை எல்லாம் அதுல ஏத்தினேன். மறுநாளும் படம் பிடிக்கணுமேன்னு கேமரா கார்டை அழிச்சிட்டேன்.

பிறகு திறந்து பார்த்தா, பாதி வீடியோ பச்சைக் கட்டம் கட்டமா நிக்குது. நமக்கெல்லாம் பூக்கட்டித் தந்த பாட்டி அதுலதான் இருந்தாங்க. அடுத்த மாசம் அவங்க தவறிட்டாங்க. "அண்ணே, அம்மா கடைசியா கோயிலுக்கு வந்த வீடியோ இருக்கா?"ன்னு அவங்க மகள் கேட்டப்போ எனக்குப் பேச்சே வரல.

நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். புது மோட்டார் சும்மா சுத்துறதைப் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டேன். லோடு ஏத்தி, சூடு பார்த்துதான் போடுவேன். வீட்டுல மட்டும் அதை மறந்துட்டேன்.

அப்புறம் நானும் மகனும் உட்கார்ந்து சோதிச்சோம். மெம்டெஸ்ட்86னு ஒரு புரோகிராம். பென்டிரைவ்ல போட்டு, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டணும். மெமரில ஒண்ணை எழுதி, அதையே திரும்பப் படிச்சு ஒப்பிடும். அரை மணி நேரத்துல சிவப்பு வரி வரியா பிழை. அடுத்தது பிரைம்95. 1996ல தொடங்கின, பெரிய பகா எண்களைத் தேடுற திட்டத்தோட புரோகிராம் அது. விடை தெரிஞ்ச கணக்கையே கொடுத்துச் சரிபார்க்கும். நாற்பது நிமிஷத்துல அதுவும் பிழைன்னு நின்னுடுச்சு. கேம்ல ஒரு புள்ளி நிறம் மாறினா யாருக்குத் தெரியும்? கணக்கு தப்பினா தெரிஞ்சிடும்.

பினாங்குல 1972லிருந்து இன்டெல் தொழிற்சாலை இருக்கு. சிப்பைப் பூட்டிச் சோதிச்சுத்தான் வெளியே விடுறாங்க. பெட்டியில போட்டிருக்கிற வேகம் அவங்க கொடுக்கிற வாக்கு. அதைத் தாண்டினா சோதிக்கிற பொறுப்பு நம்மளுது.

பயோஸ்ல பழைய வேகத்துக்கே மாத்திட்டோம். இரவெல்லாம் ஓட்டினோம். மறுநாள் மத்தியான வெயில்ல ஏர்கோன் போடாமலும் ஓட்டினோம். ஒரு பிழையும் இல்ல. இரவுக் குளிர்ல தேறினது நம்ம ஊர் வெயில்ல தேறும்னு சொல்ல முடியாது.

பிள்ளைங்க ஓவர்கிளாக் பண்ணட்டும், தப்பில்ல. ஆனா சோதிக்காத கணினியில குடும்பப் படம், கோயில் கணக்கு எதையும் வைக்காதீங்க. ரெண்டு இடத்துல பிரதி எடுத்து, திறந்து பார்த்த பிறகு கார்டை அழிங்க.

ஒரு வேண்டுகோள். அன்னைக்கு யாராவது கைப்பேசியில படம் பிடிச்சிருந்தா, ஓரத்துல பாட்டி தெரியுறாங்களான்னு பாருங்க. பத்து வினாடி இருந்தாலும் எனக்கு அனுப்புங்க. அவங்க மகள்கிட்ட நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

முருகா சரணம்.